இரட்டை வட்டுகள்

மக்கள் தாம் அறிந்தவற்றைப் பின்வருவோர்க்குப் பயன்படுமாறு பொறித்துவைக்கக் களிமண், கல், செப்பேடு, பனையோலை, தாள் எனப் பலவற்றைக் கையாண்டு வந்தனர். இவற்றுள் கேடு வாராதது ஒன்றும் இல்லை. ஓலையைச் செல் அரிக்கும். தாளை ஈரம் கெடுக்கும். கல்லெழுத்தும் நாளடைவில் தேயும். ஆயினும் இவற்றிற்கு வரும் கேடு பெரும்பாலும் மெல்ல வருவது. வருதல் கண்ணுக்குப் புலனாவது. ஏட்டின் ஓரம் ஒடியத் தொடங்குங்கால், அதனை உடையவர் வேறு ஓலையில் படியெடுத்துக்கொள்ளக் காலம் உண்டு. இக்காலத்தார் தம் எழுத்தையும் கணக்கையும் ஒளிப்படங்களையும் வைத்துப் பேணும் கணினி வட்டு அத்தன்மையதன்று. காலையில் நன்கு இயங்கிய வட்டு, மாலையில் ஓர் எழுத்தும் தாராது வாளா கிடத்தல் உண்டு. இக்கேட்டினின்று காக்கக் கண்ட வழிகளுள் ஒன்று, ஒரு வட்டு இருக்கும் இடத்தில் இரண்டு வட்டுகளை வைத்து, ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதுவித்தலாகும். இதற்கெனத் தனிப்பொறி வாங்க வேண்டுவதில்லை, மென்பொருளே போதும்.

ஹார்டு டிஸ்க் என வழங்கும் வன்வட்டினுள், காந்தப் பூச்சுப் பெற்ற வட்டத் தகடுகள் ஓர் அச்சில் கோக்கப்பட்டுச் சுழல்கின்றன. மேசைக் கணினிகளில் உள்ளவற்றுள் பல, நிமிடத்திற்கு 7,200 முறை, அஃதாவது நொடிக்கு 120 முறை சுழல்வன. தகட்டில் எழுதவும் எழுதியதைப் படிக்கவும் வல்ல சிறு முனை ஒன்று, தகட்டைத் தொடாமல் அதன்மேல் மிதந்து செல்கிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட வெளி, ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறிட்டால் அவற்றுள் ஒரு சில கூறுகளே ஆகும். அவ்விடைவெளியில் ஒரு தூசி புகினும் அது குன்று புகுந்ததனோடு ஒக்கும். முனை தகட்டை உரசிவிடின், உரசிய இடத்து எழுத்துகள் மீளா. சுழற்றும் பொறி நின்றுபோதல், மின்சுற்றுக் கருகுதல் முதலிய பிற கேடுகளும் உண்டு. சுழலும் தகடின்றி மின்சில்லுகளால் ஆகிய புதுவகைச் சேமிப்பிகளுக்கு உரசல் இல்லை. எனினும் அவையும் முன்னறிவிப்பின்றி ஊமையாதல் உண்டு.

முதல் வன்வட்டு, ஐ.பி.எம். நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட ராமாக் என்னும் கணினியில் அமைந்தது. 24 அங்குலக் குறுக்களவுள்ள 50 தகடுகளை அடுக்கிய அப்பெரும் பொறி, ஐம்பது இலட்சம் எழுத்துகளைக் கொண்டது. இன்று ஒரு கையில் ஏந்தத்தக்க நான்கு டெராபைட்டு வட்டு, ஆங்கில எழுத்துகளாயின் நான்கு இலட்சம் கோடியைக் கொள்ளும். தமிழெழுத்திற்குக் கணினி கூடுதலான இடம் ஒதுக்குவதால் அத்தொகை குறையும். குறைந்தும் அது மிகப் பெரிதே. கொள்ளளவு பெருகவே, ஒரு வட்டின் மறைவால் நேரும் இழப்பும் பெருகிற்று.

வட்டின் முடிவை முன்னரே அறிந்து விழித்துக்கொள்ளல் ஆகாதோ எனின், அது முற்றும் ஆகும் செயலன்று. வட்டு தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' என்னும் ஏற்பாடு ஒன்று உண்டு. கூகுள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். பழுதுற்ற வட்டுகளுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டவை, வெப்பநிலை ஒன்று நீங்கலாக, அவ்வேற்பாட்டின் எக்குறிப்பிலும் யாதோர் அறிகுறியும் காட்டாமலே பழுதுற்றன என்பது அவற்றுள் ஒன்று. ஆதலின் குறிப்பை மட்டும் நம்பியிருத்தல் போதாது; வட்டு என்றேனும் மறையும் எனக் கொண்டே ஏற்பாடு செய்துகொள்ளல் வேண்டும்.

இரட்டை வட்டு முறை புதியதன்று. வங்கி முதலிய இடையறாப் பணிகளுக்கென டாண்டம் என்னும் அமெரிக்க நிறுவனம் 1970-களில் செய்த கணினிகளிலேயே இம்முறை இடம்பெற்றது. பின்னர் 1988-ஆம் ஆண்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சார்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவர், பல சிறு வட்டுகளை ஒருங்கு சேர்த்து ஒரு பெரு வட்டாக ஆளும் முறைகளை வகுத்து ஒரு கட்டுரை எழுதினர். அவர்கள் அம்முறைகளுக்கு இட்ட பெயரின் சுருக்கமே 'ரெய்டு' என்பது. ஐந்து படிகளாக வகுத்தவற்றுள் முதற்படி இரட்டை வட்டு. அப்பெயரில் 'மலிவான' என்னும் பொருளுடைய சொல் ஒன்று இருந்தது. பிற்காலத்தார் அதனை நீக்கித் 'தனித்தியங்கும்' என்னும் பொருளுடைய சொல்லைப் பெய்தனர். வட்டு விற்போர்க்கு 'மலிவு' என்னும் சொல் இனிக்கவில்லை போலும்!

இம்முறையை 'மிரரிங்' என்றும் வழங்குவர். கண்ணாடியில் உருத் தோன்றுமாறுபோல, ஒரு வட்டில் உள்ளது மற்றதில் தோன்றலின் இப்பெயர் வந்தது. உவமை முற்றும் பொருந்துவதன்று. கண்ணாடிக்கு எதிர்நின்றார் நீங்கின் உருவும் நீங்கும். ஈண்டோ, ஒரு வட்டு மறைந்த பின்னும் மற்றது எஞ்சி நின்று பணி செய்யும். ஆதலின் இரட்டை வட்டுகள் என்றலே தகும்.

மென்பொருள் இதனை எவ்வாறு செய்கிறது? ஒருவர் படிக்க, இருவர் தனித்தனி ஏட்டில் எழுதுவதை எண்ணிக் கொள்க. படிப்பவர் ஒரு தொடரைச் சொல்லி, இருவரும் எழுதி முடித்தனர் என்று அறிந்த பின்னரே அடுத்த தொடருக்குச் செல்வார். அங்ஙனமே, கணினியின் இயங்குதளத்துள் அமர்ந்த மென்பொருள், எழுதவேண்டிய ஒவ்வொன்றையும் இரு வட்டுகளுக்கும் அனுப்பி, இரண்டும் எழுதிய பின்பே 'எழுதியாயிற்று' என விடை கூறும். கோப்புகளைக் கையாளும் ஏனைய நிரல்களுக்கு இரண்டு வட்டுகள் இருப்பதே தெரியாது. அவை காண்பது ஒரே வட்டினை. எழுதுவதற்கு இரண்டனுள் மெதுவான வட்டிற்காகக் காத்திருத்தல் வேண்டும். படிப்பதற்கோ எந்த வட்டு ஓய்வாக உள்ளதோ அதனிடம் கேட்டுப் பெறலாம்; ஆகவே பலர் ஒருங்கே படிக்குமிடத்து விரைவு மிகும். இரண்டு நான்கு டெராபைட்டு வட்டுகளை இணைத்தால் கிடைக்கும் இடம் எட்டன்று, நான்கே. அளவு வேறுபட்ட வட்டுகளை இணைப்பின் சிறியதன் அளவே கிடைக்கும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டால், ஒரு வட்டு எழுதி மற்றது எழுதாதிருத்தல் கூடும். அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. எழுதத் தொடங்குமுன் 'இப்பகுதியில் எழுதப்போகிறேன்' என்று மென்பொருள் ஒரு குறிப்பு இட்டு வைக்கிறது. மின்சாரம் மீண்ட பின், குறிப்பிட்ட பகுதிகளை மட்டும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் படியெடுத்தால் இரண்டும் ஒத்துவிடும். ஏட்டில் விட்ட இடத்தைக் காட்டக் கயிறு இட்டு வைப்பது போன்றது இது. இக்குறிப்பு இல்லையேல் முழு வட்டையும் மீளப் படியெடுக்க நேரும்.

விண்டோஸ், மேக் ஆகிய இயங்குதளங்களிலும் இரட்டை வட்டு அமைக்க வழி உண்டு. எனினும் யாவரும் விலையின்றிப் பெறத்தக்க லினக்ஸில் அமைக்கும் முறையை ஈண்டுக் காண்போம். அங்கு இதற்குரிய கருவி, நீல் பிரவுன் என்பார் 2001-ஆம் ஆண்டில் இயற்றிய எம்.டி.அட்ம் என்னும் நிரல்.

முதற்கண் வட்டுகளைத் தேர்தல். இரண்டும் ஒத்த அளவினவாதல் நன்று. ஆனால் ஒரே ஆலையில் ஒரே நாளில் ஒரே தொகுதியாக வந்தவையாக இல்லாதிருத்தல் அதனினும் நன்று. உடன்பிறந்த வட்டுகளுக்கு ஒரு குறை இருப்பின் இரண்டிற்கும் இருக்கும். ஒன்று மறைந்த சின்னாளில் மற்றதும் மறைதல் கூடும். வட்டின் மேலொட்டிய தாளில் அச்சிட்ட வரிசை எண்ணைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். லினக்ஸ் தன்னிடம் உள்ள வட்டுகளுக்கு எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்றாற்போலப் பெயரிடுகிறது. கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குங்கால் இப்பெயர்கள் இடம் மாறுதல் உண்டு. வரிசை எண்ணோ மாறாது. இவ்வெண்ணின் அருமை பின்னர்ப் புலப்படும்.

அடுத்து, எம்.டி.அட்ம் நிரலுக்குப் புதிய இணைப்பை ஆக்குமாறு கட்டளையிடல். கட்டளையில் கூற வேண்டுவன மூன்று: படி ஒன்று என்பது, வட்டுகள் இரண்டு என்பது, அவற்றின் பெயர்கள். இக்கட்டளை வட்டுகளில் முன்பு இருந்தவற்றை அழித்துவிடும் ஆதலின், பெயர்களை இருமுறை நோக்கியே இடல் வேண்டும். ஏற்கெனவே கோப்புகள் நிறைந்த வட்டு ஒன்றை இரட்டையாக்க விரும்புவோர்க்கு ஓர் அழகிய உபாயம் உண்டு. புதிய வட்டின் பெயரைக் கூறி, இரண்டாம் வட்டின் இடத்தில் 'இல்லை' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தரலாம். நிரல் அதனை ஏற்று, ஒற்றைக் கையுடைய இணைப்பை ஆக்கித் தரும். பழைய வட்டின் கோப்புகளையெல்லாம் அதில் படியெடுத்துச் சரிபார்த்த பின்னரே, பழைய வட்டைத் துடைத்து இரண்டாம் கையாகச் சேர்த்தல் வேண்டும்.

இணைப்பு ஆகியவுடன் எம்.டி.0 என்பது போன்ற பெயருடன் புதிய வட்டு ஒன்று தோன்றும். கோப்பு முறைமையை அதன்மேல் அமைத்தல் வேண்டுமேயன்றி, உறுப்பு வட்டுகளின்மேல் அமைத்தலாகாது. அதுமுதல் உறுப்பு வட்டில் தனியே ஒன்றும் எழுதுதல் கூடாது. எழுதின் இரண்டும் ஒவ்வாதனவாகும். இதற்கிடையே மென்பொருள் பின்னணியில் முதல் வட்டை இரண்டாவதிற்குப் படியெடுத்துக் கொண்டிருக்கும். நொடிக்கு 150 மெகாபைட்டு வீதம் சென்றாலும் நான்கு டெராபைட்டு வட்டிற்கு ஏழு மணிக்கு மேல் ஆகும். அதுவரை காத்திராமல் வட்டைப் பயன்படுத்தலாம்.

இங்கு நின்றுவிடுவோர் பலர். இன்னும் மூன்று செயல்கள் உள. இணைப்பின் அடையாளத்தை அமைப்புக் கோப்பில் எழுதி, கணினி எழுங்கால் முதலில் படிக்கும் துவக்கத் தொகுப்பிலும் சேர்த்தல் வேண்டும். இது செய்யாதார், மறுமுறை கணினியை இயக்குங்கால் எம்.டி.0 காணாமற்போய் எம்.டி.127 என்னும் புதுப்பெயர் நிற்பதைக் கண்டு, உள்ளன யாவும் அழிந்தன என அஞ்சுவர். அழிவது ஒன்றும் இல்லை, பெயரே மாறியது. இயங்குதளமே இவ்விரட்டை வட்டில் இருப்பின், கணினியை எழுப்பும் துவக்க நிரலை இரு வட்டுகளிலும் பதித்தல் இரண்டாம் செயல். ஒன்றில் மட்டும் பதித்து, அவ்வொன்றே மறைந்துவிடின், எஞ்சிய வட்டில் எல்லாம் இருந்தும் கணினி எழாது. மூன்றாவது, பழுது நேர்ந்தவுடன் செய்தி அனுப்புமாறு ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தருதல்.

மூன்றாவதே இன்றியமையாதது. ஏனெனில் இரட்டை வட்டின் சிறப்பும் இடரும் ஒன்றே: ஒரு வட்டு மறைந்தாலும் பணி தடைபடுவதில்லை. கோப்புகள் திறக்கும், கணக்குகள் நடக்கும், கணினிமுன் அமர்ந்தார்க்கு வேறுபாடே தோன்றாது. லினக்ஸ், இணைப்பின் நிலையைக் காட்டும் ஒரு வரியில், நலமாக உள்ள ஒவ்வொரு வட்டிற்கும் ஆங்கில 'யூ' எழுத்தை இடுகிறது. இரண்டும் நலமாயின் இரண்டு 'யூ' நிற்கும். ஒன்று மறைந்தால் அதன் இடத்தில் ஒரு கீழ்க்கோடு நிற்கும். அக்கோட்டைக் காண்பாரில்லையேல் திங்கள் பல கழியும். பின்னொரு நாள் இரண்டாம் வட்டும் மறையும்; அன்றுதான் முதல் வட்டு என்றோ மறைந்த செய்தி வெளியாகும். காவலர் இருவருள் ஒருவர் உறங்கியதை அறியாத கோட்டை அது. ஆகவே வட்டில் அரிய பொருள் ஒன்றும் வையாத தொடக்க நாளிலேயே, ஒரு வட்டைப் பழுதென அறிவித்து, செய்தி வருகிறதா எனச் சோதித்துக் கொள்வர் அறிவுடையோர்.

உண்மையிலேயே ஒரு வட்டு பழுதுறின் செய்வது யாது? அதனைப் பழுதென அறிவித்து இணைப்பினின்றும் விலக்கி, கணினியை நிறுத்திப் பெட்டியைத் திறத்தல் வேண்டும். திறந்தால் உள்ளே இருப்பவை ஒரே நிறமும் ஒரே வடிவும் உடைய இரண்டு பெட்டிகள். எது இறந்தது, எது உயிருள்ளது? முன்னர் எழுதிவைத்த வரிசை எண் உதவும் இடம் இதுவே. எண்ணை நோக்காது ஊகத்தால் கைவைத்து, நல்ல வட்டைக் கழற்றியெறிந்து, இறந்ததை உள்ளேயே விட்டாரும் உளர். புதிய வட்டைச் சேர்த்தவுடன், எஞ்சிய வட்டிலிருந்து படியெடுப்புத் தொடங்கும். அது முடியும்வரை இருப்பது ஒற்றைப் படியே என்பதையும், அவ்வொற்றை வட்டு அன்று முதலிலிருந்து இறுதிவரை படிக்கப்படும் பெருஞ்சுமையைத் தாங்குகிறது என்பதையும் மறத்தலாகாது.

இனி, இரட்டை வட்டு காவாத இடங்கள். படிப்பவர் பிழையாகப் படித்தால், எழுதும் இருவரும் பிழையையே எழுதுவர். படிப்பவர் 'இப்பகுதியை அழித்துவிடுக' என்றால், இருவரும் அந்நொடியே அழிப்பர். 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி 2' என்னும் அசைவுப்படத்தை ஆக்கிக்கொண்டிருந்தனர். ஒரு நாள் தவறாக இடப்பட்ட ஓர் அழிப்புக் கட்டளையால், படத்தின் உறுப்புகள் அடங்கிய கோப்புகளுள் பெரும்பகுதி கணினியிலிருந்து மறைந்தது. பார்த்துக்கொண்டிருந்தோர் கண்முன்னே பாத்திரங்களின் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. அங்கு எத்துணை இரட்டை வட்டுகள் இருந்திருப்பினும் பயன் இராது; அழித்தலும் எழுத்தைப் போன்றதொரு கட்டளையே ஆதலின், அஃது இரண்டிலும் ஒருங்கே நிறைவேறும். இவ்விடத்தில் மட்டும் கண்ணாடி என்னும் பெயர் முற்றும் பொருந்துகிறது: பொருள் நீங்க, உருவும் நீங்கும். காப்புப்படியை எடுத்து நோக்கியபோது அதுவும் சில வாரங்களாகச் செம்மையாக அமையவில்லை எனத் தெரிந்தது. கைக்குழந்தையைப் பேணும்பொருட்டு வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சஸ்மன் என்னும் அம்மையார், தம் வீட்டுக் கணினியில் கோப்புகளின் படி ஒன்றை வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வையால் பொதிந்து சீருந்தில் ஏற்றிக் கொணர்ந்தனர். அப்படியைக் கொண்டு பெரும்பகுதியை மீட்டனர். படம் 1999-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்க்கு உதவியது, வேறொரு வீட்டில், வேறொரு காலத்து நிலையில் இருந்த படி. அவ்விரு வேறுபாடுமே இரட்டை வட்டிற்கு இல்லை.

தீயும் அத்தகையதே. 2021-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள், பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கணினி மாளிகைகளுள் ஒன்று எரிந்து அழிந்தது. ஒரே பெட்டியில் இரட்டையாக இருந்த வட்டுகளை இரட்டையாகவே தீ உண்டது. ஆகவே இரட்டை வட்டு அமைத்தாரும், நாள்தோறுமோ வாரந்தோறுமோ வேறோர் வட்டில் படியெடுத்து, அதனைக் கணினியினின்றும் பிரித்து, வேறிடத்தில் வைத்தல் வேண்டும். இரட்டை வட்டு இழப்பைக் காட்டிலும் இடையீட்டையே தவிர்ப்பது. நாள் முழுதும் நிற்கலாகாத மருத்துவமனைப் பதிவு, வங்கிக் கணக்கு போன்றவற்றிற்கு அஃது இன்றியமையாதது. ஒரு குடும்பத்து ஒளிப்படங்களைக் காக்க இரண்டாம் வட்டு ஒன்றே வாங்க இயலுமாயின், அதனை இணைவட்டாக்குவதினும் பிரித்து வைக்கும் காப்புப்படியாக்குவதே சாலச் சிறந்தது.

மறைவின்றியே நேரும் மற்றொரு கேடும் உண்டு. வட்டு நலமாக இயங்கும்போதே, நெடுநாள் படிக்கப்படாத ஒரு மூலையில் சில எழுத்துகள் படிக்கவொண்ணாமற் போகலாம். அங்ஙனம் படிக்க இயலாத இடத்தை, மற்ற வட்டிலுள்ள படியைக் கொண்டு மென்பொருள் திருத்திக்கொள்ளும். மூலைகளையெல்லாம் முறையாகப் படித்துப் பார்க்க, டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் ஒவ்வொரு திங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமையும் இரு வட்டுகளையும் ஒப்பிடும் பணி தானே நடைபெறும். ஞாயிறு விடியலில் வட்டுகள் ஓயாது ஒலிப்பதைக் கேட்டுக் கணினிக்கு நோய் எனக் கலங்குவார்க்கு இக்காரணம் தெரிந்திருத்தல் நலம்.

ஆனால் இரு வட்டுகளும் தடையின்றிப் படிக்கவும் தந்து, ஒன்று ஓரெழுத்தும் மற்றது வேறோரெழுத்தும் தருமாயின் என் செய்வது? ஏடு ஒப்புநோக்குவார் நன்கறிந்த இடர்ப்பாடு இது. இரண்டு ஏடுகள் பாடம் வேறுபடுமிடத்து, மெய்ப்பாடம் இதுவெனத் துணிய மூன்றாம் ஏடு வேண்டும். அன்றேல் யாப்பும் பொருளும் சான்றாக வேண்டும். கணினி மென்பொருளுக்கு யாப்பும் தெரியாது, பொருளும் தெரியாது. வேறுபாடுகளின் தொகையை அது எண்ணிக் கூறும். ஒத்திருக்கச் செய்க எனின், ஒன்றனைப் பற்றி மற்றதைத் திருத்தும். திருத்திய பாடம் மெய்யோ பொய்யோ, அஃது அறியாது. இக்குறையை நீக்கவே, சன் நிறுவனத்தார் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ்., அதன் பின்வந்த பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமைகள், எழுதும் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் எழுத்துகளினின்று கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணை வேறிடத்தில் குறித்து வைக்கின்றன. படிக்குங்கால் அக்கணக்கை மீண்டும் செய்து பார்க்கின்றன. எண் ஒத்துவரும் படியே மெய்ப்படி. ஒவ்வாத படியை அதனைக்கொண்டு திருத்துகின்றன. இவற்றில் இரட்டை வட்டு அமைக்க எம்.டி.அட்ம் வேண்டுவதில்லை, கோப்பு முறைமையே இரு வட்டுகளையும் நேரே ஆளுகிறது.